ரசீதில் இல்லாத ஒரு வரி

அந்தப் பெண் என் அலுவலகப் படியேறி வந்தபோது வலது கையை முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தார். கூட வந்த கணவர்தான் பேச்சைத் தொடங்கினார். "நஷ்டஈடு கேட்டு ஒரு கேஸ் போடணும் சார்." அவர் முடிக்குமுன் அந்தப் பெண் குறுக்கிட்டார். "காசு கெடக்கட்டும் சார். மாமாவ நான்தான் கொளுத்திட்டேன்னு தெருவே பேசுது. நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

2013ஆம் ஆண்டு, தை மாதம். விருதுநகர் மாவட்டத்துக்கு மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பதால் ராஜபாளையத்து வழக்குகள் எங்களிடம்தான் வரும். மில் தொழிலாளியின் கிராஜுவிட்டி, பாகப்பிரிவினை, செக் பவுன்ஸ் என்று கட்டுகளைப் பிரித்துப் பழகிய கைக்கு ஆக்சிஜன் சிலிண்டர் வழக்கு புதிது. என் தொழிலில் அதற்கு முன்பும் அப்படி ஒன்று வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை.

இறந்தவர் அந்தப் பெண்ணின் மாமனார். பஞ்சாலையில் புளோ ரூமில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். பஞ்சுத்தூசி பாதி, பீடி பாதி என்று நுரையீரலைத் தின்றுவிட, கடைசி இரண்டு வருடம் இளைப்போடுதான் வாழ்ந்தார். மகனுக்குத் திருப்பூரில் வேலை. வீட்டில் தையல் மிஷின் மிதித்துக்கொண்டே மாமனாரைப் பார்த்துக்கொண்டது மருமகள். மருத்துவர், "வீட்டில் ஒரு சிலிண்டர் இருக்கட்டும், மூச்சு முட்டும்போது நிமிடத்துக்கு 2 லிட்டர் வையுங்கள்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். ஊரில் சிலிண்டர் வாடகைக்கு விடும் கடை ஒன்றில் முன்பணம் கட்டி, சிறிய 'பி டைப்' சிலிண்டர் இரண்டு எடுத்தார்கள். ஒன்று தீர்ந்தால் மற்றதை மாட்டிக்கொள்ளலாம்.

மார்கழியில் ஒரு நாள், அதிகாலை மூன்று மணி. பெரியவருக்கு மூச்சு முட்டியது. மாட்டியிருந்த சிலிண்டர் காலி. மருமகள் ரெகுலேட்டரைக் கழற்றி அடுத்த சிலிண்டரில் மாட்டினார். சாவியைப் போட்டு வால்வைத் திருகினார். பட்டாசு வெடித்ததுபோல ஒரு சத்தம், வெல்டிங் பட்டறையில் தெரிவதுபோல ஒரு வெளிச்சம். ரெகுலேட்டரிலிருந்து பீறிய தீ கட்டிலில் விழுந்தது. போர்வை, மெத்தை, பெரியவர் கட்டியிருந்த வேட்டி எல்லாம் நொடியில் பற்றிக்கொண்டன. மூன்றாம் நாள் மதுரையில் பெரியவர் இறந்தார். மருமகளுக்கு வலது உள்ளங்கையும் மணிக்கட்டும் வெந்து, விரல்கள் மடங்கிப்போயின. கத்தரிக்கோல் பிடிக்கிற கை அது.

போலீஸ் அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆவது பிரிவில் வழக்குப் பதிந்தது. மகஜரில் இப்படி இருந்தது: பாதி எரிந்த கட்டில் ஒன்று, கருகிய போர்வை, சிலிண்டர் இரண்டு, உருகிய ரெகுலேட்டர் ஒன்று, அலமாரியில் பீடிக்கட்டு ஒன்று, தீப்பெட்டி ஒன்று. கடைசி இரண்டு பொருளே காவல்துறைக்குப் போதுமானதாக இருந்தது. பீடி பற்றவைத்ததால் ஏற்பட்ட விபத்து என்று எழுதி, மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது.

"மாமா பீடி குடிப்பாரா?" என்று கேட்டேன்.

"ஒளிச்சு வச்சுக் குடிப்பாரு சார். பொய் சொல்ல மாட்டேன். ஆனா அன்னைக்கு மூச்சே விட முடியாமக் கெடந்தவரு எப்படிக் குடிப்பாரு?"

கடைக்காரர் மீது கிரிமினல் வழக்கை வலியுறுத்தலாமா என்று கணவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அலட்சியம் பற்றி எந்த வக்கீலும் முதலில் புரட்டும் தீர்ப்பு ஜேக்கப் மேத்யூ எதிர் பஞ்சாப் மாநிலம். உச்ச நீதிமன்றம் 2005 ஆகஸ்டில் சொன்னது. அந்த வழக்கும் ஓர் ஆக்சிஜன் சிலிண்டரில்தான் தொடங்கியது. 1995இல் லூதியானாவில் ஒரு மருத்துவமனையில், இரவு 11 மணிவாக்கில் மூச்சுத் திணறிய முதியவருக்குக் கொண்டுவந்த சிலிண்டர் காலியாக இருந்தது. மகன் பக்கத்து அறைக்கு ஓடி வேறொன்றைத் தூக்கிவந்தார். அதைப் பொருத்தி இயக்க ஏற்பாடு இல்லை. அதற்குள் உயிர் போய்விட்டது. அப்படிப்பட்ட வழக்கிலேயே மருத்துவர் மீதான குற்ற வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல வேண்டுமானால் அலட்சியம் மிக மோசமானதாக இருக்க வேண்டும். இழப்பீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை என்ற வேறுபாட்டை அந்தத் தீர்ப்பு துலக்கிக் காட்டியது. எங்களுக்கு ஏற்ற இடம் நுகர்வோர் மன்றம். ரசீது மருமகள் பெயரில் இருந்தது. வாடகை கொடுத்துச் சேவை பெற்றவர் நுகர்வோர். இரண்டு ஆண்டுக் காலவரம்புக்குள்ளும் இருந்தோம்.

புகார் மனுவை எழுதி முடித்தபோது எனக்கு ஒரு திருப்தி. சிலிண்டரின் தோளில் பொறித்திருந்த சோதனைத் தேதியைப் படம்பிடித்து வைத்திருந்தேன். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை செய்ய வேண்டிய சிலிண்டர் அது. கெடு முடிந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, 'எரியக்கூடிய, வெடிக்கக்கூடிய ஆக்சிஜன் வாயுவைக் காலாவதியான சிலிண்டரில் அடைத்துக் கொடுத்தார்கள்' என்று மூன்றாம் பத்தியில் முழங்கியிருந்தேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் என்னைவிடப் பத்து வருடம் மூத்தவர். அவருடைய பதிலுரையின் முதல் வரியே என்னைச் சாய்த்தது. "ஆக்சிஜன் எரியக்கூடிய வாயு அல்ல. எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்துக்கு முரணான அடிப்படையில் இந்தப் புகார் எழுப்பப்பட்டுள்ளது." மன்றத்தில் அதை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பின்வரிசையில் இருந்த ஜூனியர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்; வேறு வழியில்லை.

மறுவாரமே மதுரைக்குப் போனேன். ஆக்சிஜன் நிரப்பும் ஆலையில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரைப் பற்றி நண்பர் சொல்லியிருந்தார். நான் போனபோது வாசலில் உட்கார்ந்து சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"உங்க எதிர்க்கட்சி வக்கீல் சொன்னது சரி. ஆக்சிஜன் எரியாது. மத்ததை எரிக்கும்" என்றார். "நாம மூச்சு விடுற காத்துல 21 சதம் ஆக்சிஜன். அது 24, 25 ஆனாலே துணி பத்துற வேகம் வேற. சிலிண்டர்ல இருக்கிறது நூத்துக்குத் தொண்ணூத்தொம்பதுக்கு மேல. தீப்பிடிக்காதுன்னு நம்புற துணியும் எரியும், இரும்புகூட எரியும்."

அவர் சொன்ன கணக்குகளை இன்றும் மறக்கவில்லை. முழுதாக நிரப்பிய சிலிண்டருக்குள் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம். கார் டயரில் இருப்பதைப்போல எழுபது மடங்கு. 'பி டைப்' சிலிண்டரில் 1,500 லிட்டர் வாயு அடங்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் விட்டால் பன்னிரண்டரை மணி நேரம் வரும். ஆள் மார்பு உயரத்துக்கு நிற்கும் ஜம்போ சிலிண்டரில் 7,000 லிட்டர்.

உருகிய ரெகுலேட்டர் காவல்நிலையத்தில் வழக்குச் சொத்தாகக் கிடந்தது. மனுப் போட்டு, அனுமதி வாங்கி, பெரியவரை அழைத்துவந்து காட்டினோம். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். டார்ச் அடித்து வாயு நுழையும் ஓட்டைக்குள் பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை.

"வெளியிலேருந்து பத்தின தீ இல்ல இது. பாருங்க, பின்பக்கம் பளபளப்புகூடப் போகலை. உள்ள, வாயு நுழையுற எடத்துல பித்தளை உருகி ஓட்டை பெருசாயிருக்கு. தீ உள்ளயிருந்து வெளிய வந்திருக்கு. பீடியெல்லாம் இல்ல." பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ரெகுலேட்டர் மாட்டும்போது எண்ணெய், கிரீஸ் ஏதாச்சும் போட்டியா?"

"ஆமாங்கய்யா. நட்டு ஏறவே இல்ல. தையல் மிஷினுக்கு விடுற எண்ணெய் பக்கத்துல இருந்துச்சு. ஒரு சொட்டுதான் விட்டேன்."

பெரியவர் ரெகுலேட்டரை மேசைமேல் மெதுவாக வைத்தார். அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்துவிட்டது, அந்தப் பெண்ணைத் தவிர. "ஏங்கய்யா, எண்ணெய் விடக்கூடாதா?" என்று கேட்டார்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுமே, அதைச் சொல்லித்தான் பெரியவர் விளக்கினார். காற்றைச் சட்டென்று நெருக்கினால் சூடேறும். சிலிண்டர் வால்வை ஒரே திருகலில் திறந்தால், 150 கிலோ அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் ரெகுலேட்டரின் சிறிய வயிற்றுக்குள் கண் இமைக்கும் நேரத்தில் போய் நெருங்குகிறது. அந்த இடம் பல நூறு டிகிரி சூடாகிவிடும். அங்கே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தீக்குச்சி தேவையில்லை. எண்ணெய் பற்றும், அந்தச் சூட்டில் ரப்பர் வாஷர் பற்றும், பிறகு பித்தளையே உருகும்.

அன்று மாலை பெரியவரைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்தபோது அந்தப் பெண் என் அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "அப்ப நான்தானா சார்?" என்றார்.

எங்கள் தொழிலில் இப்படி ஒரு மாலை எல்லோருக்கும் வரும். எண்ணெய் விஷயம் எங்கள் தரப்புக்கு மட்டுமே தெரியும். சோதனைத் தேதி முடிந்த சிலிண்டர் என்ற ஆயுதம் கையில் இருக்கிறது. 'எண்ணெயைப் பற்றிப் பேச வேண்டாம்மா' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பெரியவர் புறப்படும்போது சொல்லியிருந்தார்: "சோதனை பண்ணாதது கடைக்காரன் தப்புதான். ஆனா சிலிண்டர் உடம்பு வெடிக்கலையே தம்பி. தப்பு வேற, காரணம் வேற." கூலி வாங்காத நிபுணர் இவ்வளவு நேர்மையாகப் பேசிவிட்டுப் போனபின் கூலி வாங்கும் நான் எப்படி மறைப்பது?

"எண்ணெய் விட்டது நீங்கதாம்மா. விடக்கூடாதுன்னு உங்களுக்கு யார் சொல்லியிருக்கணும்?" என்று கேட்டேன்.

யோசித்தார். "சிலிண்டர் கொண்டுவந்த பையன்."

"என்ன சொன்னான்?"

"பத்திரமா வச்சுக்கங்கன்னு சொன்னான்."

என் வழக்கு அந்தத் திண்ணையில்தான் உண்மையில் ஆரம்பித்தது. திருத்த மனுப் போட்டேன். பழைய மூன்றாம் பத்தியை அடித்துவிட்டு எழுதினேன்: ரெகுலேட்டர் மாட்டும்போது முதல் மனுதாரர் தையல் எண்ணெய் ஒரு சொட்டு விட்டார், விடக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லாததே சேவைக் குறைபாடு. நிரூபண வாக்குமூலத்திலும் அவர் அதையே சொல்லிக் கையெழுத்திட்டார், இடது கையால்.

திருத்த மனுவின் நகலைப் படித்த எதிர்த்தரப்பு சீனியர் வராந்தாவில் என்னைப் பிடித்தார். "என்னய்யா, கேஸை நீயே எனக்குத் தூக்கிக் கொடுத்துட்ட?" கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

அவருடைய வாதம் பலமானது. ஒன்று, எச்சரிக்கைத் தாள் கொடுத்தோம். இரண்டு, ரெகுலேட்டரின் அழுத்தமானி முகத்திலேயே எண்ணெய் கூடாது என்று அச்சிட்டிருக்கிறது. மூன்று, எண்ணெயும் தீயும் சேரக்கூடாது என்பது குழந்தைக்கும் தெரியும்.

தாளைத் தாக்கல் செய்தார்கள். நான்கு பக்கம், பொடி எழுத்து, முழுக்க ஆங்கிலம். வாங்கியதற்குக் கையெழுத்து இல்லை. எழுத்துமூலக் கேள்விகளில், சிலிண்டர் இறக்கிய பையனிடம் 'நீங்கள் சொன்ன வாசகத்தை அப்படியே எழுதவும்' என்று கேட்டிருந்தேன். 'பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்' என்று பதில் வந்தது. அவன் பொய் சொல்லவில்லை. நாம் கண்ணாடிப் பாத்திரத்துக்கும் அதைத்தான் சொல்கிறோம், கல்யாணப் பத்திரிகைக்கும் அதைத்தான் சொல்கிறோம். எதைச் செய்யக்கூடாது என்பது அந்த வார்த்தைக்குள் இல்லை.

இரண்டாவது வாதத்துக்காகச் சீனியர் அதே வகையைச் சேர்ந்த புதிய அழுத்தமானி ஒன்றைக் கொண்டுவந்து மன்றத்தின் மேசையில் வைத்தார். தலைவர் எடுத்துப் பார்த்தார். கண்ணாடியை மாற்றிக்கொண்டு மறுபடி பார்த்தார். பெண் உறுப்பினர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஆமாம், இருக்கிறது" என்றார். எண்களுக்குக் கீழே, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஆங்கில எழுத்தில்: யூஸ் நோ ஆயில்.

என் கட்சிக்காரரும் அதைப் பார்க்க அனுமதி கேட்டேன். தலைவர் தலையசைத்தார். அந்தப் பெண் தமிழ் வழியில் எட்டாம் வகுப்புவரை படித்தவர். எழுத்துக் கூட்டினார். "யு... எஸ்... இ..." மூன்றாவது சொல்லில் "ஓ, ஐ, எல்" என்று நிறுத்தி, "ஓயில்?" என்றார். மன்றத்தில் யாரும் சிரிக்கவில்லை. சீனியரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாதத்துக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். அடுப்பு சுடும், அரிவாள் வெட்டும் என்று விற்பவர் சொல்ல வேண்டியதில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஆபத்துக்குச் சட்டம் எச்சரிக்கை கேட்பதில்லை. ஆனால் இங்கே ஆபத்து, நம் பழக்கத்துக்கு நேர் எதிராக இருக்கிறது. கேட் கீல் கிறீச்சிட்டால் எண்ணெய் விடுகிறோம். கிணற்று ராட்டினத்துக்கு விடுகிறோம். சைக்கிள் செயினுக்கு விடுகிறோம். மனுதாரர் தினமும் காலையில் தன் தையல் மிஷினுக்கு விடுகிறார். இறுகியது எதுவானாலும் எண்ணெய்தான் மருந்து என்று தலைமுறையாகப் பழகிய வீட்டுக்குள், எண்ணெயே விஷமாகிற ஒரு பொருளை இறக்கிவிட்டு, அதைச் சொல்லாமல் போனால் அந்தப் பழக்கமே ஆளைக் கொல்லும். மருத்துவ ஆக்சிஜன் சட்டப்படி ஒரு மருந்து. பத்து ரூபாய் மாத்திரை அட்டையிலும் எச்சரிக்கை எழுதச் சொல்கிற சட்டம், 150 கிலோ அழுத்தத்தில் வரும் மருந்துக்கு 'பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்' போதும் என்று சொல்லாது. இவ்வளவுதான் என் வாதம்.

பீடிக் கதையை மதுரைப் பெரியவரின் சாட்சியம் தள்ளிவைத்தது. அந்தப் பெண்ணின் கையும் தள்ளிவைத்தது. உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும்தான் ஆழமான காயம். சாவியைப் பிடித்திருந்த கைக்கு மிக அருகில் தீ பிறந்திருக்கிறது என்று மருத்துவக் குறிப்பே காட்டியது. தெரு முழுக்க அவருக்கு எதிராகப் பேசியபோது அவர் முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தது எங்கள் தரப்பின் மிகச் சிறந்த ஆவணம்.

2015 இறுதியில் தீர்ப்பு வந்தது. சோதனைக் கெடு முடிந்த சிலிண்டரைக் கொடுத்தது தனியாக ஒரு குறைபாடு என்றும், அது விபத்துக்குக் காரணம் இல்லை என்றும் மன்றம் பிரித்துச் சொன்னது. பயன்படுத்துபவருக்குப் புரியாத மொழியில் உள்ள எச்சரிக்கை எச்சரிக்கையாகாது. பொருளை வீட்டில் இறக்கும்போதே செய்துகாட்டி விளக்குவது அந்தச் சேவையின் ஒரு பகுதி. அதைச் செய்யாதது சேவைக் குறைபாடு. 8 லட்சம் கேட்டோம். 3 லட்சத்து 50 ஆயிரமும் 9 சதவீத வட்டியும் செலவுத்தொகையும் கிடைத்தன. கூடவே, இனி ஒவ்வொரு சிலிண்டரோடும் தமிழில் அறிவுறுத்தல் தாள் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்றும் கடைக்கு உத்தரவு.

தீர்ப்பைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அந்தப் பெண் தொகையைப் பற்றிக் கேட்கவில்லை. "என் மேல தப்பு இல்லைன்னு எழுதியிருக்காங்களா சார்?" என்றார். பதினேழாம் பத்தியைக் காட்டினேன். 'அறிவுறுத்தப்படாத ஒருவர், தமக்குத் தெரிந்த வழியில், நோயாளியைக் காப்பாற்றும் அவசரத்தில் செய்த செயல் அலட்சியமாகாது.' அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கேட்டு வாங்கிப் போனார்.

கடைக்காரர் மேல்முறையீடு செய்யவில்லை. தாளை எழுதும் வேலை எங்கள் இரு தரப்புக்கும் வந்தது. நீதிமன்ற வளாகத்து டீக்கடை பெஞ்சில் சீனியரும் நானும் மதுரைப் பெரியவரும் உட்கார்ந்து எழுதினோம். பெரியவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சீனியர் சட்டத்தமிழை அடித்து வீட்டுத்தமிழாக்கினார்.

ரெகுலேட்டர், வால்வு, நட்டு, வாஷர் எதிலும் எண்ணெய், கிரீஸ் படக்கூடாது; எண்ணெய்க் கையோடு தொடவும் கூடாது. நட்டு ஏறாவிட்டால் அடித்து, முடுக்கி ஏற்ற வேண்டாம். கடைக்கு போன் செய்யவும். வாஷர் தேய்ந்திருந்தால் துணி, டேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம். வால்வைத் திறக்குமுன் ஓட்டத் திருகு மூடியிருக்கிறதா என்று பார்க்கவும். சிலிண்டருக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, சாவியை மெல்ல மெல்லத் திருப்பவும்.

சிலிண்டர் உடல் கறுப்பு, தோள் வெள்ளை என்றால்தான் மருத்துவ ஆக்சிஜன். முழுக்கக் கறுப்பென்றால் பட்டறைக்குப் போகிற சிலிண்டர், வாங்காதே. நிறுத்தி வைத்துச் சுவரோடு சங்கிலியால் கட்டு. வெயிலில், அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதே. நோயாளியின் உதடும் மூக்கும் காய்ந்தால் தேங்காய் எண்ணெய், வாசலின் தடவாதே. மருத்துவரிடம் கேட்டுத் தண்ணீரால் ஆன களிம்பு வாங்கு. குமிழிப் பாட்டிலில் காய்ச்சி ஆறிய தண்ணீரோ டிஸ்டில்டு வாட்டரோ ஊற்றித் தினமும் மாற்று. பயன்படுத்தாத நேரத்தில் வால்வை மூடு. குழாயைத் திறந்தபடி படுக்கையில் போட்டுவைத்தால் போர்வையும் தலையணையும் ஆக்சிஜனைக் குடித்துக்கொண்டு கிடக்கும், ஒரு பொறி போதும். மருத்துவர் எழுதிய அளவை நீயாகக் கூட்டாதே. நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கு ஆக்சிஜன் கூடிப்போனாலும் ஆபத்து. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், 99 ஆக்கிப் பார்க்க ஆசைப்படாதே.

புகைபிடிக்கக்கூடாது என்று நான் எழுதியபோது சீனியர் பேனாவை வாங்கினார். "இது மட்டும் எழுதுனா நம்ம வீட்டுப் பொம்பளைங்க இது நமக்கில்லைன்னு போயிருவாங்கய்யா" என்று சொல்லி, கீழே தன் கையால் சேர்த்தார்: 'சாமி விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்தி எதுவும் அந்த அறையில் கூடாது.' அவருடைய அம்மா அப்போது வீட்டில் ஆக்சிஜனில் இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில், அதுவரை சிலிண்டரைப் பார்த்தே இராத வீடுகளுக்குள் எல்லாம் சிலிண்டர் வந்து இறங்கியது. மாட்டியவர்கள் மகனும் மருமகளும் பக்கத்து வீட்டுக்காரரும். கையில் கிருமிநாசினி தடவி, அந்த ஸ்பிரிட் காய்வதற்குள் வால்வைத் தொட்டார்கள். நான் பழைய கட்டைத் தேடி எடுத்து, அந்தத் தாளில் கிருமிநாசினியைப் பற்றி ஒரு வரி சேர்த்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சட்டமும் நகர்ந்திருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருள் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. தீங்கைத் தடுக்கப் போதுமான அறிவுறுத்தலோ எச்சரிக்கையோ தராவிட்டால் தயாரித்தவரும் சேவை வழங்கியவரும் பொறுப்பாவார்கள் என்று 84, 85ஆம் பிரிவுகள் சொல்கின்றன. எங்கள் காலத்தில் வாதாடிப் பெற வேண்டியிருந்தது, இன்று அச்சில் இருக்கிறது.

ஆனால் சட்டம் எப்போதும் தீ அணைந்த பிறகுதான் வரும். ஆகவே வாசகருக்கு ஒரு வக்கீலாக நான் சொல்வது இதுதான். உங்கள் வீட்டுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் வந்தால், கொண்டுவந்தவரை உடனே அனுப்பாதீர்கள். ரெகுலேட்டரை அவர் கையால் ஒருமுறை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் கையால் ஒருமுறை அவர் முன்னால் மாட்டுங்கள். எது படக்கூடாது, எது பக்கத்தில் இருக்கக்கூடாது என்று கேளுங்கள். பதில் 'பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்' என்பதோடு நின்றுவிட்டால், ரசீதில் கையெழுத்துப் போடாதீர்கள்.